குழாய் உண்டா, ஜன்னல் உண்டா?

விசா வேண்டாம், சும்மா வாருங்கள் என்று 2023 டிசம்பரில் சீனா கதவைத் திறந்ததிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கில் யார் வீட்டுக்குப் போனாலும் பேச்சு ஒன்றுதான்: "சீனா போய்ட்டு வந்தாச்சா?" 30 நாள் வரை தங்கலாம் என்று இரண்டு நாடும் போட்ட ஒப்பந்தமே 2025 ஜூலையில் நடப்புக்கு வந்துவிட்டது. போகாமல் இருப்பதற்குச் சொல்ல ஒரு சாக்குகூட மிச்சம் இல்லை. நாங்களும் குவாங்சோ என்று முடிவு செய்தோம். விமானத்தில் ஏறினால் நாலு மணி நேரம். ஊரை முடிவு செய்ய ஒரு வாழையிலைச் சாப்பாடு போதுமாக இருந்தது. அங்கே எந்தப் பக்கம் தங்குவது என்பதற்குத்தான் குடும்பம் இரண்டு பட்டது.

தங்கும் இடம் பற்றிப் பேச பிரிக்ஃபீல்ட்ஸ்காரனுக்குத் தனித் தகுதி உண்டு. 2001இல் கேஎல் சென்ட்ரல் திறந்த நாளிலிருந்து தமிழ்நாட்டு உறவினர்கள் பெட்டியோடு எங்கள் வாசலில்தான் வந்து இறங்குகிறார்கள். கிளம்பும்போது "ட்வின் டவர் தெரியிற மாதிரி ரூம் போடுங்க" என்பார்கள். வந்த மறுநாளே துன் சம்பந்தன் சாலையை விட்டு நகரமாட்டார்கள். இட்லி இங்கே, பூக்கடை இங்கே, கோயில் இங்கே. ஊருக்குத் திரும்பி, "மலேசியாவுல எல்லாரும் தமிழ்தான் பேசுறாங்க" என்று அறிக்கை விடுவார்கள். இத்தனை தூரம் வந்து இட்லியைத் தேடுகிறார்களே என்று நாங்கள் சிரிப்போம். அந்தச் சிரிப்பு, குவாங்சோ வரைபடத்தை மேசையில் விரிக்கும்வரைதான்.

கிள்ளான் மச்சானுக்கு முதலில் குவாங்சோவே பிடிக்கவில்லை. அவருக்கு தெங்கு கிளானா சாலையில் துணிக்கடை. பக்கத்துக் கடைத் தவுக்கேயோடு பேசிப் பேசி ஹாக்கியன் சரளம். "சியாமென் போவோம் மச்சான், அங்க ஹாக்கியன் பேசுவாங்க" என்றார். கோலாலம்பூர்ச் சீனர்கள் பேசுவது கேண்டனீஸ். அதில் விலை கேட்கவும், விலை கேட்டு அதிர்ச்சி அடையவும் எனக்குத் தெரியும். கேண்டனீஸின் தாய்வீடு குவாங்சோ என்பதால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். குவாங்சோவின் புதுப்பகுதிகளில் வெளி மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அதிகம்; அங்கே மாண்டரின்தான் ஓடும். என் கேண்டனீஸுக்கு மரியாதை வேண்டுமென்றால் லிவான், யுவேசியூ போன்ற பழைய பகுதிகளில்தான் தங்க வேண்டும். அந்தப் பழைய தெருக்களில் கடை வாசல்களுக்கு மேல் மாடி நீட்டியிருக்கும், நம் ஊர் அஞ்சடி மாதிரியே. மழை வந்தாலும் நனையாமல் நடக்கலாம்.

மகளுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. தியான்ஹேயில் சூஜியாங் புதுநகரம், ஆற்றுக்கு அப்பால் கேண்டன் டவர், படுக்கையில் படுத்தபடியே படம் எடுக்க வேண்டும். மச்சான் கணக்கை எடுத்தார். "அந்த டவர் 600 மீட்டர். நம்ம மெர்டேக்கா 118 கிட்டத்தட்ட 679. நம்மளதவிடக் குட்டையான டவரைப் பாக்க ராத்திரிக்கு அத்தனை வெள்ளியா?" மகளிடம் இதற்குப் பதில் இல்லை. இருந்தாலும் அவள் படங்கள் அனுப்புவதை நிறுத்தவில்லை.

மச்சானுக்கு ஒரு சொந்தத் திட்டம் இருந்தது. சோங்டாவில் இருக்கும் பெரிய துணிச்சந்தைக்குப் பக்கத்தில் தங்கினால், குடும்பம் ஊர் சுற்றும் நேரத்தில் அவர் மாதிரித் துணி பார்க்கலாம். இதைச் சுற்றுலா என்று சொன்னதைத்தான் அக்காவாகிய என் மனைவியால் பொறுக்க முடியவில்லை.

மனைவியின் கேள்விகள் ஊரைப் பற்றியவை அல்ல, கழிப்பறையைப் பற்றியவை. முதல் கேள்வி: பைப் உண்டா? மலேசியாவில் மூவினமும் முழு மனதாக ஒத்துப்போகும் விஷயங்களில் ஒன்று கழிப்பறையில் தொங்கும் அந்த நீர்க்குழாய். சீனத்து ஹோட்டல்களில் அதைக் காண்பது அரிது. இரண்டாவது கேள்வி படங்களைப் பார்த்த பிறகு எழுந்தது. அங்கே பல ஹோட்டல்களில் குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவே சுவர் இல்லை, கண்ணாடி. "இதுல பெரியம்மாவோட எப்படி ஒரே ரூம்ல இருக்கிறது?" உடனே தனி அறை, அறைக்குத் திரைச்சீலை என்று வரவு செலவு ஏறியது. அதைச் சமாளிக்க மலிவான அறைகளைத் தேடினால், விலை குறைந்தவற்றில் பாதி ஜன்னல் இல்லாதவை. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே எல்லாம் தெரியும்.

சைவமான பெரியம்மா இதுவரை வாய் திறக்கவில்லை. அவருடைய பெட்டியில் சின்ன ரைஸ் குக்கர், ஊறுகாய், மைலோ எல்லாம் ஏற்கெனவே ஏறிவிட்டன. கொதிகெண்டி எந்த அறையிலும் இருக்கும் என்று தெரிந்ததும் அவர் பாதிச் சீனாவை மன்னித்துவிட்டார். நாலாம் மாடி மட்டும் வேண்டாம் என்றார். நாலு என்றால் சீனர்களுக்கு ஆகாது, அங்கே பல கட்டடங்களில் அந்த எண்ணே இருக்காது என்றேன். அவருக்கு வியப்பில்லை. அவருடைய கொண்டோவிலும் மூன்றுக்கு அடுத்து 3ஏ தான்.

இதற்கிடையே நான் கூகுள் வரைபடத்தில் ஹோட்டல்களைக் குறித்து வைத்தேன். சீனாவில் வரைபடங்களை ஒரு தனிக் கணக்கில் சில நூறு மீட்டர் தள்ளி வரையச் சட்டம் உண்டு. அதனால் வெளிநாட்டு வரைபடத்தில் சாலை ஓரிடம், செயற்கைக்கோள் படம் வேறிடம். நான் ஆசையாகத் தேர்ந்த ஆற்றங்கரை ஹோட்டல், படத்தில் பேர்ல் ஆற்றுக்குள்ளேயே நின்றது. ஆற்றுக்கு இதைவிடப் பக்கத்தில் அறை கிடைக்காது என்றார் மச்சான்.

தேதியும் வில்லன்தான். 1957 முதல் நடக்கும் கேண்டன் வணிகக் கண்காட்சி ஆண்டுக்கு இரு முறை, வசந்த காலத்தில் ஏப்ரல் நடுவிலும், இலையுதிர் காலத்தில் அக்டோபர் நடுவிலும் தொடங்கும். அந்த வாரங்களில் உலகத்து வியாபாரிகள் எல்லாரும் பசோவ் அரங்குக்கு வருவார்கள். அறை வாடகை மேலே போகும். மச்சான் அந்த வாரத்தையே விரும்பினார். வாக்கெடுப்பில் தோற்றார்.

கடைசியில் நான் மெட்ரோ வரைபடத்தைப் பிடித்துக்கொண்டேன். பெரிய ஊரில் நாம் தங்குவது பேட்டையில் அல்ல, தடத்தில் என்பது என் கொள்கை. கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் பிடித்து கேஎல் சென்ட்ரல் வந்தவர்களுக்கு இது புரியும். இரண்டாம் தடத்தில் கோங்யுவான்சியான் நிலையம். முதல் தடமும் அங்கே சந்திக்கிறது. விமான நிலையத்திலிருந்து ஒரு மாற்றத்தில் வந்துவிடலாம். அதிவேக ரயில் புறப்படும் தெற்கு நிலையத்துக்கு நேர் வழி. இறங்கி நடந்தால் பெய்ஜிங் சாலைக் கடைத்தெரு. அந்தத் தெருவில் தோண்டியபோது கிடைத்த பல நூற்றாண்டுப் பழைய சாலைகளைக் கண்ணாடி போட்டு மூடிக் காட்டுகிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு எதையும் கண்ணாடி வழியே காட்டுவதில் ஒரு பிரியம். பக்கத்திலேயே பெரிய புத்தர் கோயில், பெரியம்மாவுக்குச் சைவச் சாப்பாடு. என் கேண்டனீஸுக்கும் பழைய தெரு.

இத்தனை காரணங்கள் அடுக்கியும் ஒருவரும் அசையவில்லை. முன்பதிவுச் செயலியில் ஆயிரக்கணக்கானோர் எழுதிய மதிப்புரைகளை வாசித்துக் காட்டினேன். மச்சான், "யாருன்னே தெரியாதவன் சொல்றத எப்படி நம்புறது?" என்று தவுக்கேக்குப் போன் போட்டார். துணி வாங்க அடிக்கடி குவாங்சோ போகிறவர் அவர். ஸ்பீக்கரில் மலாயும் ஹாக்கியனும் கலந்து பேச்சு வந்தது. அவரும் கோங்யுவான்சியான் பக்கம்தான் தங்குவாராம்.

"ஏன் அங்க?" என்று மச்சான் கேட்டார்.

"தம்பி, மூணு நாளைக்கு மேல சீனச் சாப்பாடு எனக்கு இறங்காது. அங்கேருந்து டாக்சி பிடிச்சா கறிக்கடை கிட்ட."

பெரியம்மா மீண்டும் வாய் திறந்தார். "இந்த ஆளு சொல்ற ஹோட்டலையே போடுங்கடா. நம்ம ஆளுதான்."