பொருந்துவதை டிக் செய்யவும்

“கோபம் வந்தால் அடக்கிக்கொள்வேன்.” முழுமையாக ஏற்கிறேன், ஏற்கிறேன், தெரியவில்லை, மறுக்கிறேன், முழுமையாக மறுக்கிறேன்.

பி.எட். வகுப்புக்குள் இப்படியொரு தாள் வந்தால், எங்கோ ஒரு எம்.எட். ஆய்வேடு பிரசவ வேதனையில் இருக்கிறது என்று அர்த்தம். ‘உணர்வுசார் நுண்ணறிவு’ பற்றி உளவியலாளர்கள் சாலொவியும் மேயரும் 1990இல் கட்டுரை எழுதினார்கள். கோல்மன் அதையே 1995இல் புத்தகமாகப் போட்டு உலகெங்கும் விற்றார். நம்மவர்கள் இன்னமும் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று கண்டுபிடித்து, யோகாவைப் பரிந்துரைத்து முடிப்பார்கள்.

அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் கல்லூரிக்கு லோக்கல் பிடிக்க நிற்கும் மீனவர் வீட்டுப் பெண்ணிடம் கேட்க வேறு கேள்விகள் உண்டு. அவற்றை யாரும் அச்சடிக்க மாட்டார்கள். இந்தாருங்கள்:

1. 2015இல் ஓராண்டு பி.எட். படிப்பு ஈராண்டானது. பள்ளியில் 20 வாரப் பயிற்சியும் சேர்ந்தது. வராத வாத்தியாரின் வகுப்பையும் பார்க்க வேண்டும், பஸ் காசும் கைக்காசுதான். “சேவை மனப்பான்மையில் பூரிக்கிறேன்.”

2. தனித்து இயங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று ஆசிரியர் கல்வி பற்றிய நீதிபதி வர்மா கமிஷன் 2012இல் சொன்னதை, 2020 தேசியக் கல்விக் கொள்கையே எடுத்து எழுதியிருக்கிறது. “வகுப்புக்கே வராமல் பட்டம் வாங்குகிறவருக்கு என்னைவிட மன அமைதி அதிகம்.”

3. 2012இல் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள், தேறியவர்கள் 2,448. தேறினாலும் போதாது, இன்னொரு போட்டித் தேர்வு எழுது என்றது 2018இன் அரசாணை 149. “தோல்வியை மட்டுமல்ல, வெற்றியையும் தாங்கிக்கொள்வேன்.”

4. 2022இல் தற்காலிகப் பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய், இடைநிலை ஆசிரியருக்கு 7,500 என்று முதலில் அறிவித்தார்கள். “என் எதிர்காலத்தை நினைத்தால் உற்சாகம் பொங்குகிறது.”

அந்தப் பெண்ணின் ஊர்ப்பக்கம், பழவேற்காட்டு ஏரியில் மீனவர்கள் வலை கட்ட ‘பாடு’ என்று ஓர் ஒழுங்கு உண்டு. சீட்டுப் போட்டு இடம் பிரிப்பார்கள். இன்று கிடைக்காதவருக்கு இன்னொரு நாள் முறை வந்தே தீரும். அந்த நியாயம்கூடக் கல்வித்துறைக்குக் கைவரவில்லை. 2013இல் தகுதித் தேர்வில் தேறியவர்கள் வேலை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தார்கள்.

கூலி தராமல் வேலை வாங்கிவிட்டு, ‘மீண்டெழும் திறன் போதவில்லை’ என்று அந்தப் பெண்ணுக்கே மார்க் போடுகிறீர்களே, எந்த ஊர் நியாயம் இது? அவளிடம் குறையொன்றும் இல்லை. அவளுக்கு வரும் கோபம் நோயும் இல்லை, கணக்குத் தெரிந்தவளின் கோபம் அது. மூச்சுப் பயிற்சியால் அதைக் கரைக்கப் பார்க்காதீர்கள். பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை கொடுங்கள், காலியிடத்தை நிரந்தர ஆளால் நிரப்புங்கள். முடியாதென்றால் அவள் மனநலத்தைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.