மோட்டார் வீட்டில் ஓ.பி.டி. சாக்கெட்: அதன் இருப்பிடம் குறித்த ஒரு விசாரணை

படுக்கை, சமையலறை, குளியலறை முதலிய சகல சௌகரியங்களோடும் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் சஞ்சரிக்கும் பழைய மோட்டார் வீடுகளில், எஞ்சினின் பிணியை அறிய மெக்கானிக் தம் ஸ்கேனரைச் சொருகும் ஓ.பி.டி. சாக்கெட் எங்கே இருக்கிறது என்னும் வினா, பார்வைக்கு அற்பமாயினும், தர்க்க சாஸ்திரத்தின் பிரமாணங்கள் யாவற்றையும் சோதிக்க வல்லது. சாக்கெட் உண்டு என்போர், இல்லை என்போர், உண்டாயினும் காணவொண்ணாதது என்போர் என இவ்விஷயத்தில் மூன்று மதத்தினர் உளர். மூவரும் டாஷ்போர்டின் கீழ் மல்லாந்து படுத்த நிலையிலேயே தத்தம் கொள்கையை அடைந்தனர்.

முதலாவது, ஆகமப் பிரமாணம். 1996-ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்கக் கார்களும் இலகுரக லாரிகளும் 16 முனைகள் கொண்ட பொதுச் சாக்கெட்டைத் தாங்கியிருத்தல் வேண்டும் என்பது விதி. ஆயின், கனரகச் சேஸிஸின்மேல் எழுப்பிய பெரிய மோட்டார் வீடுகள் அன்று அவ்விதிக்குக் கட்டுப்பட்டவை அல்ல. விதிக்கு முந்திய காலத்திலோ ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு சம்பிரதாயம். ஃபோர்டு தன் சாக்கெட்டை எஞ்சின் அறையிலே வைத்தது. ஜெனரல் மோட்டார்ஸின் 12 துளைச் சாக்கெட்டில், சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட்டாமல், குறிப்பிட்ட இரு துளைகளைக் கம்பியால் இணைத்தால், எச்சரிக்கை விளக்கு ஒருமுறையும், சற்று நிறுத்தி இருமுறையும் கண்சிமிட்டும். 12 என்னும் அக்குறி அபசகுனமன்று. கணினி விழித்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சி.

இரண்டாவது, அனுமானம். டீசல் வண்டிகள் பலவற்றில் எஞ்சின் பின்புறம் இருத்தலால், சாக்கெட்டும் பின்புறமே இருக்கும் என்று ஊகிப்பது நியாயமே, நியாயமாயினும் பிழையே. அவற்றில் அது பெரும்பாலும் ஓட்டுநரின் காலடிப் பக்கத்தில், 6 அல்லது 9 முனைகளுடன், வட்ட வடிவில் வீற்றிருக்கும். காரில் கண்ட சாக்கெட்டையே மனத்திற்கொண்டு தேடுபவர், இவ்வட்டத்தைப் பன்முறை கண்டும், அது வேறேதோ என்று கடந்துபோவார்.

மூன்றாவது, பிரத்தியட்சம். இங்கே கண் போதாது. ஏனெனில் மோட்டார் வீட்டுக்குக் கர்த்தாக்கள் இருவர்: சேஸிஸைச் செய்து ஒயர்களோடு சாக்கெட்டைத் தொங்கவிட்டவர் ஒருவர், அதன்மேல் வீட்டைக் கட்டி, அழகு கருதி அச்சாக்கெட்டைப் பலகைக்குப் பின்னே மறைத்தவர் மற்றொருவர். முன்னவர் அறிந்ததைப் பின்னவர் எழுதிவைப்பதில்லை; பின்னவர் மறைத்ததை முன்னவர் அறிவதில்லை. சாக்கெட் மறைந்ததற்கு மூலகாரணம் இத்துவைதமே.

ஆகவே சித்தாந்தம் யாதெனின், வீடு கட்டியவரின் கையேட்டை மூடிவைத்துவிட்டு, சேஸிஸ் செய்தவர் யார், எந்த ஆண்டில் செய்தார் என்பதை முதலில் அறிந்து, டார்ச் விளக்கோடு கையையும் பலகைக்குப் பின்னே செலுத்துக. ஸ்கேனர் வாங்கப் புறப்படும் அன்பர்கள் அதற்கு முன்னரே சாக்கெட்டைக் கண்டுகொள்வார்களாக. 16 முனைப் பிளக், 9 முனை வட்டத்தில் எவ்வளவு பலவந்தம் செய்தாலும் நுழையாது.