பேய், பூதம், கொள்ளிவாய்: உத்திரமேரூர் வட்டார அருவங்களின் வாரியப் பகுப்பு

பேய் என்னும் சொல்லை ஆராயப் புகுவோர் முதலில் கருத வேண்டியது, அதன் வேராகக் கொள்ளத்தக்க 'பே' எந்த உருவத்தையும் குறிப்பதன்று என்பதாகும். தொல்காப்பிய உரியியல் பே, நாம், உரும் ஆகியவற்றை அச்சப்பொருட் சொற்களாக வைப்பதால், அச்சமே முதலில் பிறந்தது என்றும், தலைவிரி கோலமும் கால் இல்லாமையும் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டன என்றும் கொள்ள இடமுண்டு. பேய் என்னும் சொல் பின்னர்ப் பேய்மழை, பேய்ச்சுரை என அளவு மீறியதற்கும் வாய்க்கு உதவாததற்கும் அடைமொழியாகி, மயிலாப்பூரில் அவதரித்த ஆழ்வார் ஒருவருக்குத் திருப்பெயராகவும் உயர்ந்தது. இத்தனை பெருமை இருந்தும், இருட்டிய பின் அதை உச்சரிக்கத் துணியாத ஊரார், "காத்து கருப்பு பட்டிருக்கும்" என்று சொல்லி வேப்பிலை ஒடிக்கப் போவர். காத்து என்பது காற்று, கருப்பு என்பது இருள். காண முடியாத ஒன்றும் காண விடாத ஒன்றும் இணைந்த இத்தொடரைவிடத் துல்லியமான இலக்கணம் அகராதிகளில் இல்லை.

இவ்வருவங்களின் வகைப்பாட்டுக்கு உத்திரமேரூரே வழிகாட்டுகிறது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் (919, 921) வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊராட்சிக் குழுக்களான வாரியங்களுக்குக் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில் ஆள் எடுத்ததை விவரிக்கின்றன. அவ்வழியே நோக்கின், புளியமரத்துப் பேய் தோட்ட வாரியத்தையும், புதையல் காக்கும் பூதம் பொன் வாரியத்தையும், கொள்ளிவாய்ப் பிசாசு ஏரி வாரியத்தையும் சாரும். கொள்ளி என்பது எரியும் கட்டை. வாயில் நெருப்போடு ஏரிக்கரையில் அலைவதாகச் சொல்லப்படும் இது, சேற்றில் இலைதழை மட்கி எழும் வாயு தீப்பற்றுவதே என்பர் அறிவியலார். அவ்வாயுவை வோல்டா என்னும் இத்தாலியர் 1776இல் மஜோரே ஏரியில் குடுவையில் பிடித்தார். நம்மூர் மந்திரவாதிகளும் பிடித்ததைக் குடுவையில்தான் அடைக்கிறார்கள் என்பது நோக்கத்தக்கது.

இனி, இவை வாரியத்தில் உறுப்பினராகலாமா என்னும் வினா எஞ்சுகிறது. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, உறுப்பினர் 35க்கு மேல் 70க்குள் வயதினராய், கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராய் இருத்தல் வேண்டும்; முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் இடமில்லை. பேய்க்கு வயது தெரியாது, குடியிருக்கும் புளியமரமோ புறம்போக்கில் நிற்கிறது, ஏரிக்கரையில் அலையும் கொள்ளிவாய்க்கோ சொந்த மனையே இல்லை, பூதமோ காத்த பொன்னுக்கு இதுவரை கணக்கே காட்டியதில்லை. ஆகவே மூன்றின் ஓலைகளும் குடத்தில் இடத் தகுதியற்றவை.