சொன்ன சொல் தவறாத தங்கம்

பணத்தை மறுபடி தங்கத்தோடு கட்ட வேண்டும் என்பவர்கள் அதன் தலையாய பெருமையாகச் சொல்வது, அது யாருக்கும் வளைந்துகொடுக்காது என்பதை. முற்றிலும் உண்மை. பெட்டகத்தில் உள்ள தங்கம் எவ்வளவு என்று மட்டுமே அது பார்க்கும். தெருவில் வேலையில்லாமல் நிற்பவன் பக்கம் திரும்பாது. அந்த உறுதி முழு அழகோடு விளங்கியது 1925-ல், பிரிட்டனில்.

அப்போது நிதியமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். ஏப்ரல் 28 அன்று பட்ஜெட் உரையில், பவுண்டு தங்கத்துக்குத் திரும்புவதாக அறிவித்தார். அதுவும் போருக்கு முந்தைய அதே மதிப்பில், ஒரு பவுண்டுக்கு 4.86 டாலர். இடையில் ஓர் உலகப் போர் நடந்து விலைவாசி தலைகீழாகியிருந்தது. இருந்தும் பழைய வாக்கிலிருந்து ஒரு சென்ட்கூட இறங்கவில்லை. பவுண்டுக்குப் பத்து சதவீதம் அதிகமாக மதிப்பு வைத்துவிட்டார்கள் என்று பொருளாதார அறிஞர் கெயின்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கைப் பார்த்தெல்லாம் வாக்கு மாறுவார்களா!

தங்கத்தின் முன் எல்லோரும் சமம் என்பதையும் இதற்காகப் போட்ட சட்டம் நிலைநாட்டியது. போருக்கு முன் நோட்டைக் கொடுத்தால் சவரன் காசு கிடைக்கும். இனி இங்கிலாந்து வங்கி தருவது சுமார் 400 அவுன்ஸ் கட்டி மட்டுமே. பன்னிரண்டு கிலோவுக்கு மேல் எடை, விலை ஏறக்குறைய 1,700 பவுண்டு. வாரம் இரண்டு மூன்று பவுண்டு கூலி வாங்கும் நிலக்கரித் தொழிலாளியும், பத்து ஆண்டுக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சேர்த்தால், கம்பீரமாகப் போய் ஒரு கட்டி வாங்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

அந்தத் தொழிலாளியைத் தங்கம் மறக்கவும் இல்லை. பவுண்டு ஏறியதும் பிரிட்டிஷ் நிலக்கரி வெளிநாட்டில் விலை போகவில்லை. ஜெர்மனியின் ரூர் சுரங்கங்கள் வேறு மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. பவுண்டைத் தொடக்கூடாது என்றான பிறகு குறைப்பதற்கு எஞ்சியது கூலிதான். 1926 மே மாதம் ஒன்பது நாள் நாடே வேலைநிறுத்தம் செய்தது. மற்றவர்கள் திரும்பிய பின்னும் சுரங்கத்தார் குளிர்காலம் வரை பட்டினியோடு நின்றார்கள். கடைசியில் குறைந்த கூலிக்கும் கூடுதல் நேரத்துக்கும் சம்மதித்து இறங்கினார்கள். பிள்ளைகளின் பசி எத்தனை வீட்டை அசைத்தது! 4.86 அசையவில்லை.

1931-ல் அந்த எண்ணைக் காப்பதற்காக வேலையற்றோர் உதவித்தொகையையும் மாலுமிகளின் சம்பளத்தையும் வெட்டினார்கள். இன்வர்கார்டனில் போர்க்கப்பல் மாலுமிகள் கப்பலை எடுக்க மறுத்தார்கள். சில நாளில், செப்டம்பர் 21 அன்று, பிரிட்டன் தங்கத்தைக் கைவிட்டது. விசுவாசம் போனதற்குக் கிடைத்த தண்டனை: அடுத்த ஆண்டே வட்டி 2 சதவீதத்துக்கு இறங்கியது, வரிசை வரிசையாக வீடுகள் எழும்பின, கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலை கிடைத்தது.

பிரான்சின் பக்தி அப்படிப்பட்டதல்ல. மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகி எழுந்து நடக்கத் தொடங்கியபோதும், உற்பத்தி தேங்கிக் கிடக்க, 1936 வரை தங்கத்தைப் பிடித்த பிடியை அது விடவில்லை. இன்றைக்கு அதே தங்கத்துக்குத் திரும்பச் சொல்பவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பதும் அந்தப் பக்தியைத்தான்.