விசாரணையில்லாத தண்டனை

பழைய காரில் ‘செக் என்ஜின்’ விளக்கு எரிந்து, ஸ்கேனரும் பி0420 என்ற கோளாறு எண்ணைக் காட்டிவிட்டால் போதும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. உண்மையில் அந்த எண் ஒரு சந்தேகம் மட்டுமே. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னதன் வோல்டேஜ் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பின்னது ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஆடினால் காரின் கணினி புகார் செய்கிறது. புகைக்குழாயில் பொத்தல் விழுந்து வெளிக்காற்று புகுந்தாலும், பின் சென்சாருக்கே வயதாகிவிட்டாலும் இதே புகார் வரலாம். ஆனால் பொத்தலைத் தேட மெக்கானிக் குனிய வேண்டும். பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் அடங்கிய பாகத்தை மாற்றுவதற்கோ வண்டிக்காரர் பர்ஸைத் திறந்தால் போதும்.

“கன்வெர்ட்டரே போயிருந்தால்?” என்பார்கள். போயிருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அது தானாகச் சாவதில்லை. மிஸ்ஃபயர் ஆகி எரியாத பெட்ரோல் உள்ளே போய்ச் சுட்டிருக்கும். அல்லது ஆயில் குடிக்கும் என்ஜின் அதற்கும் ஊட்டியிருக்கும். கொலையாளியை வீட்டில் வைத்துக்கொண்டு புதியதை மாட்டினால் அதுவும் போகும். அந்த எண்ணை ஸ்கேனரிலேயே அழித்துவிடும் சமர்த்தர்களுக்கு, கணினி தன் சோதனையை மறுபடி ஓட்டி முடிக்கும்வரைதான் நிம்மதி. (விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுவது இதைவிட மலிவு.) முதலில் கசிவைப் பாருங்கள், ஓடும் என்ஜினில் இரண்டு சென்சாரையும் ஒப்பிடச் சொல்லுங்கள், பில் அதற்கப்புறம்.