கருங்கண்ணியை வெளியே விட அனுமதி வேண்டி

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு,
இந்திரா பர்யாவரண் பவன், ஜோர் பாக், புது டெல்லி.

அனுப்புநர்:
கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் சம்சாரி ஒருவன்.

பொருள்: கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தியைச் சுற்றுச்சூழலில் வெளியிட அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மரபணு மாற்றிய உயிரிகளைத் திறந்தவெளியில் விடுவதற்கு 1989ஆம் ஆண்டு விதிகளின்படி தங்கள் குழுவின் அனுமதி வேண்டும் என்று அறிகிறேன். நான் இத்தனை காலமும் அனுமதி எதுவும் வாங்காமலே கருங்கண்ணி விதைத்து வந்திருக்கிறேன். என் தாத்தாவும் அப்படித்தான் விதைத்தார். அவர்மேல் இனி நடவடிக்கை எடுக்க வழியில்லை. மிச்சமிருப்பது நான்தான் என்பதால், நானே முன்வந்து விண்ணப்பிக்கிறேன்.

கருங்கண்ணியில் மரபணு மாற்றம் எதுவும் இல்லையே, பிறகு எதற்கு விண்ணப்பம் என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஆபத்தான சரக்கை வைத்திருப்பவன்தானே வேலி போடுவான், பதிவேடு எழுதுவான், மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவான், ஆய்வாளர் வரும்போது கைகட்டி நிற்பான்? எங்கள் ஊரில் இத்தனையும் செய்கிறவன் நான். இயற்கை விவசாயத்துக்கான அங்ககச் சான்று வாங்கிய நாளிலிருந்து விதை எங்கே வாங்கினேன், சாக்கு யாருடையது, பக்கத்துப் புஞ்சையில் என்ன பயிர், நடுவே எவ்வளவு இடம் விட்டேன் என்று எழுதிக்கொண்டே இருக்கிறேன். பக்கத்துப் புஞ்சையில் மரபணு மாற்றிய பி.டி. பருத்தி போட்ட அண்ணாச்சியிடம் யாரும் ஒரு துண்டுத் தாள்கூடக் கேட்டதில்லை. ஆகவே ஆபத்து என் வரப்புக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன். தங்கள் படிவங்களில் என்னென்ன கேட்பீர்கள் என்பதை ஒருவாறு ஊகித்து, விவரங்களைக் கீழே தருகிறேன்.

1. புகுத்தப்பட்ட அந்நிய மரபணு: இல்லை. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (பி.டி.) என்ற மண் பாக்டீரியாவிடமிருந்து மரபணு வாங்கும் அளவுக்குக் கருங்கண்ணிக்கு வெளித்தொடர்பு கிடையாது. கரிசல் மண், ஐப்பசி மழை, அதற்குப் பிறகு விழுகிற பனி. இவ்வளவுதான் அதன் உலகம்.

2. உருவாக்கிய நிறுவனம்: பெயர் தெரியவில்லை. கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணியிலிருந்து நல்ல ரகங்களைத் தேர்ந்தெடுத்து, 'கே' வரிசையில் எண் போட்டுக் கொடுத்திருக்கிறது. அவர்களும் ராயல்டி கேட்டதில்லை. சந்தேகத்துக்கு இடமான நடத்தைதான். குழு விசாரிக்கலாம்.

3. பிற பயிர்களோடு கலக்கும் வாய்ப்பு: கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம்கள். இந்தியாவில் பி.டி. மரபணு ஏறியிருக்கும் அமெரிக்கப் பருத்தி இனத்துக்கு 52. கணக்கு ஒத்துப்போகாததால் இரண்டும் தாமாகச் சம்பந்தம் செய்துகொள்வது மிக அரிது. ஆனால் ஜின்னிங் மில்லுக்குக் குரோமோசோம் கணக்குத் தெரியாது. முந்தைய லோடின் கொட்டை ரோலரடியில் கிடக்கும். சாக்கின் மூலையில் நாலு சுளை ஒட்டியிருக்கும். ஏற்றிப்போன வண்டியும் கொட்டிவைத்த களமும் பொதுவானவை. பூவில் நடக்காத கலப்பு அங்கே நடந்து முடிந்துவிடும்.

எம்.சி.யு. 5, எல்.ஆர்.ஏ. 5166 போன்ற ரகங்களை இயற்கை முறையில் போடுகிற நண்பர்களுக்கு இந்தக் குரோமோசோம் பாதுகாப்பும் இல்லை. அவை பி.டி.யின் சொந்த இனம். பருத்தி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கிற செடி. தேனீ நடமாட்டம் இருந்தால் பக்கத்துப் பூவோடும் சேரும். மருந்தடிக்காத புஞ்சையில்தான் தேனீ கூடுதலாக வரும். விஷம் தெளிக்காமல் தேனீயை வரவழைத்த குற்றமும் எங்களுடையதே என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

4. இடைவெளியும் ஒதுக்கீடும்: பி.டி. பருத்திக்கு அனுமதி தந்தபோது, வயலைச் சுற்றி 20% பரப்பிலோ ஐந்து வரிசையிலோ, எது அதிகமோ அந்த அளவுக்குப் பி.டி. அல்லாத பருத்தி போடவேண்டும் என்று நிபந்தனை விதித்தீர்கள். 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதை தனிப் பொட்டலமாக வந்தது. எதற்கு? காய்ப்புழுவுக்கு. பி.டி. செடி சுரக்கும் நஞ்சைத் தாங்கும் புழுக்கள் மட்டுமே பிழைத்துப் பெருகிவிடாமல், தாங்காத புழுக்களும் கொஞ்சம் வாழ்ந்து அவற்றோடு இணை சேரட்டும் என்ற தொலைநோக்கு. புழுவின் வம்சம் கெடாமலிருக்க ஐந்து வரிசை ஒதுக்கிய கருணையை நான் மெச்சுகிறேன். என் விதையின் வம்சத்துக்கு எத்தனை வரிசை ஒதுக்கினீர்கள் என்று தேடிப் பார்த்தேன். அந்த இடைவெளியை என் நிலத்திலிருந்தே நான் விட்டுக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தது.

அந்தச் சின்னப் பொட்டலத்தைப் பல சம்சாரிகள் விதைக்காமல் வீசி எறிந்தார்கள். அதனால் பின்னாளில் இரண்டையும் ஒரே பையில் கலந்தே கொடுக்கும் முறை வந்தது. ஆக, பி.டி. பைக்குள் சாதா விதை கலந்திருந்தால் அது அறிவியல். என் பைக்குள் பி.டி. விதை ஒன்று கலந்திருந்தால் அது மோசடி. கலப்படம் ஒரு திசையில் போனால் கொள்கை, மறு திசையில் வந்தால் குற்றம் என்று புரிந்துகொண்டேன். இவ்வளவு சலுகை கொடுத்தும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு நன்றி பாராட்டவில்லை. முதல் தலைமுறை பி.டி.யை அது வென்றுவிட்டது என்று விதையை விற்ற நிறுவனமே 2010இல் குஜராத்தில் ஒப்புக்கொண்டது. அடுத்த தலைமுறை பி.டி.யும் புழுவுக்குப் பழகிவிட்டது.

5. பரிசோதனை: செலவு என்னுடையது. பஞ்சிழை பெரும்பாலும் செல்லுலோஸ். மரபணுவைக் கண்டுபிடிக்கும் டி.என்.ஏ. கொட்டையிலும், கடைந்த பஞ்சில் ஒட்டியிருக்கும் மிச்சம் மீதியிலும்தான் கிடைக்கும். நூலாகிச் சாயமேறித் துணியாகிவிட்டால் எந்த ஆய்வகத்தாலும் உறுதியாகச் சொல்லமுடியாது. அதாவது, சட்டையாகிவிட்ட பிறகு எல்லாப் பருத்தியும் உத்தமப் பருத்தியே. அதனால் திருப்பூரிலும் வெளிநாட்டுக் கடையிலும் கேட்கமுடியாத கேள்வியை என் களத்திலும் மில்லிலும் கேட்கிறார்கள். நாட்டின் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் பி.டி. ஆகிவிட்ட பிறகு, மீதிப் பரப்பில் இருக்கிறவன் மட்டும் தான் யாரென்று நிரூபித்துக்கொண்டே இருக்கிறான்.

நெல்லில் இந்தப் பரிசோதனைத் தொல்லையும் தீரப்போகிறது. அந்நிய மரபணு மிஞ்சாத மரபணுத் திருத்தப் பயிர்களைத் தங்கள் குழுவின் வாசலுக்கே வரவேண்டாம் என்று 2022 மார்ச்சில் அரசு விலக்கிவிட்டது. 2025 மே மாதம் அவ்வகையில் இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. அதில் 'கமலா' என்பது நம் ஊர்ச் சாப்பாட்டுத் தட்டில் தினமும் விழுகிற சம்பா மசூரியைத் திருத்தியது. அந்நியச் சரக்கு எதுவும் உள்ளே இல்லாததால் வழக்கமான சோதனையில் சிக்காது. நாளைக்கு இயற்கை முறையில் சம்பா மசூரி போடுகிறவர், "இது பழையதுதான், திருத்தியது இல்லை" என்று எதைக் காட்டி நிரூபிப்பார்? அதற்கும் ஒரு படிவம் வரும். அதையும் அவர்தான் நிரப்புவார்.

6. முன் வரலாறு: கருங்கண்ணி அனுமதிக்கு முந்தி ஓடியதில்லை. மற்றவை ஓடியிருக்கின்றன. 2001 அக்டோபரில், தங்கள் அனுமதியே இல்லாத பி.டி. பருத்தி குஜராத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் காய்த்து நின்றது. எரிக்கச் சொல்லி உத்தரவிட்டீர்கள். 2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு முறைப்படி அனுமதியும் வழங்கினீர்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் கைகொடுத்து வளர்த்த பி.டி. கத்தரிக்குத் தாங்கள் 2009 அக்டோபரில் ஒப்புதல் தந்தீர்கள். 2010 பிப்ரவரி 9 அன்று அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். தடை நீடிக்கும்போதே 2019இல் அரியானாவின் ஃபதேஹாபாத்தில் அந்தக் கத்தரி காய்த்தது. அதே ஆண்டு அனுமதியில்லாத களைக்கொல்லி தாங்கும் பருத்தியை மகாராஷ்டிரத்தின் அகோலாவில் ஊரைக் கூட்டி விதைத்தார்கள்.

கடுகு விஷயத்தில் தாங்கள் காட்டிய நிதானம் தனியாகப் பாராட்டத்தக்கது. 2022 அக்டோபரில் மரபணு மாற்றிய டி.எம்.ஹெச். 11 கடுகை வெளியிடப் பரிந்துரைத்தீர்கள். தேனீக்களுக்கு என்ன ஆகிறது என்ற கள ஆய்வை வெளியிட்ட பிறகு செய்துகொள்ளலாம் என்றீர்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அந்த அனுமதி செல்லுமா என்பதில் இரு வேறு தீர்ப்பு எழுதினார்கள். தேசிய அளவில் ஒரு கொள்கை வேண்டும் என்பதில் மட்டும் ஒன்றுபட்டார்கள். இவ்வளவும் நடக்கும்போது என் பதிவேட்டில் ஒரு பக்கம் விடுபட்டிருந்தது என்று எழுதிப்போன ஆய்வாளரின் கடமையுணர்ச்சியை நினைத்துப் பார்க்கிறேன்.

7. இழப்பீடும் பொறுப்பும்: இந்தப் பத்தியில்தான் தங்கள் வழிகாட்டுதல் அதிகம் தேவைப்படுகிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கோஜோனப் என்றொரு ஊர். அங்கே தானியமும் ஆடுகளுமாக இருந்த ஓர் இயற்கைப் பண்ணைக்குள், 2010 கடைசியில், பக்கத்துக்காரர் அறுத்துப் போட்டிருந்த மரபணு மாற்றக் கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிர் காற்றில் வந்து விழுந்தது. பண்ணையின் சுமார் 70% நிலம் சான்றை இழந்தது. அந்த விவசாயி வழக்குப் போட்டு 2014இல் தோற்றார், 2015இல் மேல்முறையீட்டிலும் தோற்றார், 2016இல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் கதவைச் சாத்தியது. பக்கத்துக்காரர் சட்டப்படி பயிரிட்டார், அவர்மேல் தப்பில்லை என்பது தீர்ப்பின் சாரம். காற்றின்மேல் வழக்குப் போடமுடியாது. விதை விற்றவர் வழக்கிலேயே இல்லை.

ஜெர்மனியில் மட்டும் ஆட்கள் கொஞ்சம் விவரம் இல்லாதவர்கள். மரபணு மாற்ற மக்காச்சோளம் போடுகிறவர் சாதாரண மக்காச்சோள வயலிலிருந்து 150 மீட்டரும், இயற்கை முறை வயலிலிருந்து 300 மீட்டரும் தள்ளிப் போகவேண்டும். கலந்துவிட்டால் நஷ்டத்துக்குப் போட்டவரே பொறுப்பு என்று சட்டம் எழுதிவைத்தார்கள். கொண்டுவருகிறவன் காவல் காக்கட்டும் என்ற பழங்காலப் புத்தி. இங்கே அந்த வழக்கம் வந்துவிட்டால் விதைப்பையின் விலைக்குள் பரிசோதனைச் செலவையும், பக்கத்துக்காரன் இழக்கும் சான்றின் மதிப்பையும் சேர்க்கவேண்டி வரும். பிறகு அந்த விதை மலிவு என்று யாரும் சொல்லமுடியாது. இந்த அபாயத்திலிருந்து நாட்டைக் காப்பாற்றத்தான் செலவை என் தலையில் வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பி.டி. போட்ட அண்ணாச்சிமேல் எனக்கு வருத்தம் இல்லை. விதைக்கடையில் வேறு விதை கேட்டால் கிடைக்காது. கிடைத்ததை வாங்கிப் போட்டார். எனக்கும் அவருக்கும் நடுவே வரப்புத் தகராறு மூட்டிவிட்டு, பையை விற்றவரும் அதற்கு அனுமதி தந்தவரும் டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறீர்கள்.

கோரிக்கை: இம்மனுவுக்குத் தாங்கள் மூன்று விதமாகப் பதில் தரலாம்.

அனுமதி உண்டு என்றால், நிபந்தனைகளை எழுத்தில் தாருங்கள். பூர்வீகப் பயிர் ஒன்று தன் சொந்த மண்ணில் இருக்க இத்தனை நிபந்தனை தேவை என்பது ஆவணமாக இருக்கட்டும்.

அனுமதி இல்லை என்றால், காரணங்களை எழுதுங்கள்: பரவும், கலக்கும், திரும்பப் பெறமுடியாது, நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்று தெளிவில்லை. அந்தக் கடிதத்தின் நகலை இனி வரப்போகும் கடுகு, கத்தரி, பருத்தி விண்ணப்பதாரர்கள் எல்லோருக்கும் அப்படியே அனுப்பிவிடலாம். புதிதாகத் தட்டச்சு செய்யவேண்டாம்.

கருங்கண்ணி ஆபத்தற்றது, அதற்கு அனுமதியே தேவையில்லை என்றால், அதை ஒரே வரியில் எழுதி, கீழே கையொப்பமிட்டு முத்திரை வைத்துத் தாருங்கள். வேலிச் செலவையும் சோதனைக் கட்டணத்தையும் இனி யாரிடம் வசூலிக்கவேண்டும் என்ற முகவரியையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை ஆய்வாளர் வரும்போது அவரை அங்கே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சான்று பெற்ற சம்சாரி.

இணைப்பு:
1. சோதனைக் கட்டண ரசீதுகள் – அசல்.
2. ஜின்னிங் மில்லைக் கூட்டிப் பெருக்கியதற்கான கூலிச் சீட்டு.
3. பக்கத்துப் புஞ்சைக்காரரின் உறுதிமொழிக் கடிதம் – யாரும் அவரிடம் கேட்காததால் இணைக்கப்படவில்லை.