சங்கன், பதுமன், இரண்டு எஸ்யூவிகள்: ராயகிரித் தெரு ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சொகுசு எஸ்யூவி வாங்குவதா, கைக்கு அடக்கமான எஸ்யூவி வாங்குவதா என்ற கேள்விக்கு உலகம் ஷோரூம்களில் விடை தேடுகிறது. இவ்வாய்வு அதே விடையைத் தென்காசி மாவட்டம் ராயகிரியில், ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தேடியது. ஆய்வுக்காலம் ஓர் ஆடியிலிருந்து மறு ஆடி வரை. டீ, வடை, பருப்புப்போளி உள்ளிட்ட செலவு முழுதும் ஆய்வாளர் தலையில். பல்கலைக்கழக மானியக் குழுவிடம் நிதி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போளிக்குத் தந்திருக்க மாட்டார்கள்.

1. ஆய்வுக்களம்

ராயகிரி இன்று சிவகிரி தாலுகா. முன்பு சங்கரன்கோவில் தாலுகா. 2019 நவம்பர் 22 வரை திருநெல்வேலி மாவட்டம். அன்று முதல் தென்காசி மாவட்டம். ஊர் நின்ற இடத்திலேயே நிற்க, முகவரி மட்டும் பயணம் செய்துகொண்டே இருக்கிறது. வண்டி வாங்காமலே இவ்வளவு தூரம் போன ஊர் வேறில்லை.

மேற்கே தொடர்ச்சி மலை. அடிவாரத்தில் தோப்பு, கொஞ்சம் கீழே வயல். குறிஞ்சி, முல்லை, மருதம் மூன்றையும் ஒரு டீ ஆறுவதற்குள் ஓட்டிக் கடந்துவிடலாம். பாலையைத் தேடிப் போக வேண்டாம். சித்திரையில் அதுவே வீட்டுக்கு வந்துவிடும். ஆகவே, எல்லா நிலத்திலும் ஓடும் என்று விளம்பரம் செய்யப்படும் வாகனத்தைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான களம் இல்லை.

ஒரே தெருவில் வசிக்கும் பங்காளிகள் இருவர், மூன்று மாத இடைவெளியில் ஆளுக்கொரு எஸ்யூவி வாங்கியதுதான் ஆய்வின் தோற்றுவாய். மூத்தவர் வாங்கியது 36 லட்சம்; இளையவர் வாங்கியது 9 லட்சம். ஆய்வு நெறிப்படி இருவர் பெயரையும் மறைத்து, முறையே சங்கன், பதுமன் என்று வழங்குகிறேன். இந்தப் பெயர்களுக்கு வட்டார உரிமை உண்டு. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்னும் இரு நாகங்கள் வாதாடியதாகவும், கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவமிருந்து, பாதி சிவனும் பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி தந்ததாகவும் சங்கரன்கோவில் தலபுராணம் சொல்கிறது. ஆடித்தபசு அந்தக் காட்சிக்கு எடுக்கும் விழா. எது பெரியது என்னும் வழக்கை எங்கள் பக்கம் எப்போதோ விசாரித்து முடித்தாயிற்று. தீர்ப்பைத்தான் யாரும் படிப்பதில்லை.

2. எஸ்யூவி என்பது யாதோவெனின்

இலக்கணம் முதலில். 2022 டிசம்பரில் கூடிய ஜிஎஸ்டி மன்றத்தின் 48ஆம் கூட்டம், அதிக வரிக்குரிய எஸ்யூவி எது என்பதற்கு நான்கு இலக்கணம் வகுத்தது. எஞ்சின் 1500 சிசிக்கு மேல். நீளம் 4000 மில்லிமீட்டருக்கு மேல். தரையிலிருந்து அடிவயிறு வரை 170 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ. நான்காவதுதான் ஆய்வாளரைச் சிலிர்க்க வைத்தது: மக்கள் அதை எஸ்யூவி என்று அழைக்க வேண்டும். அதாவது, ஒரு பொருள் என்னவென்று தீர்மானிக்கும் அதிகாரம் டீக்கடை பெஞ்சுக்கும் உண்டு என்று அரசே ஒப்புக்கொண்டது. ஏழே மாதத்தில், 2023 ஜூலையில், 'எப்பெயரால் அழைத்தாலும்' என்று திருத்தி அந்த அதிகாரத்தைப் பறித்துக்கொண்டார்கள். பெஞ்சுக்கு இன்னும் தகவல் வரவில்லை.

நான்கு மீட்டர் கோட்டுக்கு வரலாறு உண்டு. 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சின்னக் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தபோது, சின்னக் கார் என்றால் நான்கு மீட்டருக்குள் என்று கோடு கிழித்தார். அன்றிலிருந்து இந்தியாவில் பல எஸ்யூவிகள் அந்தக் கோட்டுக்குள் மூச்சை இழுத்துப் பிடித்து நிற்கின்றன. நெக்ஸான் 3995 மில்லிமீட்டர். பிரெஸ்ஸா 3995. சோனெட் 3995. 2.5 லிட்டர் எஞ்சினோடு கோட்டைத் தாண்டிக் கிடந்த பொலிரோவுக்கும் 2016-இல் 1493 சிசியும் 3995 மில்லிமீட்டரும் வாய்த்தன. மிச்சம் ஐந்து மில்லிமீட்டர்: ஒரு பொன்னி அரிசியின் நீளம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரிய வண்டிக்கு 40 சதவீதம். ஒரு அரிசிக்கு இத்தனை மதிப்பு எந்த ரேஷன் கடையிலும் கிடையாது.

3. முன்னோர் கருத்து

வாகனத் தேர்வு குறித்துத் தமிழில் முதலில் பேசியவர் வள்ளுவர். இடனறிதல் அதிகாரத்தில் தேர் கடலில் ஓடாது, நாவாய் தரையில் ஓடாது என்கிறார். வலியறிதலில், மயிற்பீலிதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார். முன்னது தெருவின் அகலத்தையும், பின்னது மாதத் தவணையையும் குறித்தன என்பது இவ்வாய்வாளர் துணிபு. பாரி, சொகுசு வாகனத்தை முல்லைக்கொடி அருகே நிறுத்திவிட்டு நடந்து போனான். உரிய இடத்தில் பார்க்கிங் செய்ததற்காக வள்ளல் பட்டம் பெற்ற ஒரே வாகன உரிமையாளர் அவனே. 1899-இல் அமெரிக்காவில் வெப்லன் என்பவர், பலர் செலவு செய்வதே அடுத்தவர் பார்ப்பதற்குத்தான் என்று ஒரு புத்தகமே எழுதினார். எங்கள் தெருவில் இதைப் புத்தகம் இல்லாமலே சொல்வார்கள்.

சொகுசு எஸ்யூவியின் பூர்வோத்தரம் இன்னும் சுவையானது. லேண்ட் ரோவர் 1948-இல் பிறந்தது வயக்காட்டு வேலைக்கு. 1970-இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரின் இருக்கைகள் வினைல். சேறும் சகதியுமாக ஏறி இறங்கினாலும் உள்ளே ஹோஸ் பிடித்துக் கழுவிவிடலாம் என்பதே அதன் பெருமை. அந்தக் குலத்தில் பிறந்த வண்டி ஐம்பது வருடம் கழித்து ஒரு விவசாய ஊருக்கு வந்து சேர்ந்ததும், சங்கன் சொன்ன முதல் வார்த்தை: "செருப்பக் கழத்திட்டு ஏறுங்க."

4. அளவீடு

ஆய்வாளர் தம் கையால் டேப் பிடித்து அளந்தார். தெரு முனையில் டீக்கடைத் திண்ணைக்கும் எதிர்வீட்டுப் படிக்கும் நடுவே ஏழு அடி. ஃபார்ச்சூனர் வகையறா வண்டியின் அகலம் 1855 மில்லிமீட்டர். அதாவது கண்ணாடியைச் சேர்க்காமலே ஆறடி ஒரு அங்குலம். கண்ணாடியை மடக்கி, வடைச்சட்டியை உள்ளே எடுத்து வைத்து, எதிர்வீட்டு ஆச்சி காலை மடக்கி உட்கார்ந்தால் நுழையலாம். ஆச்சி ஒரு தரம் மடக்கினார். மறுதரம், "ஒன் வண்டிக்காக நான் காலை வெட்டிக்கிடணுமோ?" என்றார். அன்று முதல் 36 லட்சம் தெரு முனையிலும், 9 லட்சம் வீட்டு வாசலிலும் நிற்கின்றன. 2013 பட்ஜெட்டில் எஸ்யூவி மீதான வரியை 27-இலிருந்து 30 சதவீதமாக உயர்த்தியபோது, இவை சாலையிலும் நிறுத்துமிடத்திலும் கூடுதல் இடம் அடைக்கின்றன என்பதையே சிதம்பரம் காரணமாகச் சொன்னார். ஆச்சியின் வாதமும் அதுதான்.

அடுத்து வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி அது 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். எங்கள் பக்கத்து வேகத்தடை அவரவர் வீட்டுக் காம்பவுண்டுக்குப் போக மிஞ்சிய சிமெண்டால் ஆனது. உயரம் மூட்டை கணக்கு. இதில் இரு வண்டிகளுக்கும் சம மதிப்பெண்.

வரியில்தான் பெரிய வித்தியாசம். 2023 நவம்பர் திருத்தப்படி, தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். பதுமன் கட்டியது 1,17,000 ரூபாய். சங்கன் கட்டியது 7,20,000 ரூபாய். இன்னும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் சேர்த்தால் பதுமனின் வண்டியே வந்துவிடும். அதாவது சங்கனும் ஏறக்குறைய இரண்டு எஸ்யூவி வாங்கியிருக்கிறார். ஒன்றை அரசாங்கத்திடம் விட்டுவைத்திருக்கிறார்.

5. கண்டறிந்தவை: இரவல் விதி

ஒரு வருட அவதானிப்பில் ஒரு விதி புலனாயிற்று. வண்டியின் விலை ஏற ஏற, அதைக் கேட்டு வருவோர் எண்ணிக்கை இறங்கும்.

பதுமன் வீட்டுக் கதவை ஊரே தட்டும். கேள்வி எப்போதும் ஒரே வடிவம்: "மாப்ள, வண்டி சும்மாத்தான நிக்கி?" சும்மா நிற்பது வண்டிக்குச் செய்யும் துரோகம் என்பது கேட்பவரின் உட்கருத்து. அந்த வருடத்தில் அந்த வண்டி ஏற்றியவை: புளியங்குடி கமிஷன் கடைக்கு எலுமிச்சை மூட்டை பல நடை, யூரியா, ஒரு பிரசவம், போகவர, ஆடித்தபசுக்கு ஒன்பது பேர், அதில் நான்கு பேர் மடியில், ராஜபாளையத்தில் கண் பரிசோதனைக்கு மூன்று கிழவர்கள், கிடையில் நொண்டிய ஒரு வெள்ளாடு. பின்சீட்டில் எலுமிச்சை வாசம் ஏறிவிட்டது. எத்தனை கழுவினாலும் போகவில்லை. திரும்பி வரும்போதெல்லாம் டீசல் முள் சிவப்பில் கிடக்கும். "மைலேஜ் நல்லாத் தருதுல்ல?" என்று சாவியைத் திருப்பிக் கொடுப்பவர்கள் கேட்பார்கள். மலிவான வண்டி என்பது மலிவல்ல. வாங்கியவர் தவணை கட்டுகிறார், தெரு ஓட்டுகிறது.

சங்கனின் வண்டியை யாரும் கேட்கவில்லை. இருக்கைகளில் ஷோரூம் பாலித்தீன் இன்னும் பிரிக்கப்படவில்லை. உட்கார்ந்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம். வெயில் காலத்தில் வேட்டியோடு ஒட்டிக்கொண்டு இறங்க விடாது. 36 லட்சம் கொடுத்துத் தோல் இருக்கை வாங்கி, அதைத் தொடாமலே ஒரு வருடம் உட்கார்ந்திருக்கிறார் மனிதர். விதிக்கு ஒரே விலக்கு, பெண் பார்க்கப் போகும் நாள். அன்று மட்டும் மூன்று வீட்டார் சங்கனைத் தேடி வந்தார்கள். நிச்சயம் ஆனதும் சீர்த்தட்டு ஏற்றப் பதுமனிடம் போனார்கள்.

எனவே ஆய்வாளரின் இடைக்கால முடிவு: சொகுசு என்பது சன்ரூஃப் அல்ல, ஏர்பேக் அல்ல, 'வண்டி சும்மாத்தான நிக்கி' என்று யாரும் கேட்காத நிலை. அந்த அமைதிக்குத்தான் 27 லட்சம் கூடுதல் விலை. பதுமனும் ஒருநாள் டீயை ஆற்றிக்கொண்டே ஒப்புக்கொண்டார்: "அண்ணன் மாதிரி வாங்கியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன், அண்ணாச்சி."

இந்த இடத்தில் கட்டுரையை முடித்து அச்சுக்கு அனுப்ப இருந்தேன்.

6. முடிவைக் குலைத்த தரவு

புரட்டாசியில் ஓர் இரவு, மணி இரண்டு. தோப்புக் காவலுக்குப் போன பையனைப் பூச்சி தொட்டுவிட்டது. எங்கள் பக்கம் இரவில் பாம்பு என்று சொல்லமாட்டார்கள், சொன்னால் வந்துவிடும். இரண்டு பேர் அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு தெருவுக்குள் ஓடி வந்தார்கள். தெரு முனையில், உறை போர்த்தி, சங்கனின் வண்டி. அதைக் கடந்து ஓடினார்கள். முதல் வீடு சங்கன் வீடு, அதையும் கடந்தார்கள். ஐந்தாம் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பதுமன் பனியனோடு சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். கேள்வி இல்லை, பதில் இல்லை. எலுமிச்சை வாசம் அடிக்கும் பின்சீட்டில் பையனைக் கிடத்தினார்கள். வண்டி போய்விட்டது. பையன் பிழைத்தான், நான்காம் நாள் டீக்கடையில் தழும்பைக் காட்டிக்கொண்டிருந்தான்.

ஆனால் ஆய்வாளர் அன்று கவனித்தது வேறு. வண்டி போனபின் தெரு முழுக்கக் கதவுகள் மூடிக்கொள்ள, சங்கன் மட்டும் வாசலில் நின்றார். அவர் கையிலும் சாவி இருந்தது. சத்தம் கேட்டதுமே எடுத்து வந்திருக்கிறார்.

"நம்ம வண்டி முனையிலதான நின்னுச்சு," என்றார். "ஒரு குரல் குடுத்திருக்கலாம்லா."

ஆய்வாளரிடம் இதற்குத் தயாரான அட்டவணை எதுவும் இல்லை.

7. முடிவுரை

சங்கரநாராயணர் கோலத்தில் ஒரு பாதி பாம்பு சுற்றியது, மறுபாதி பொன்னணி பூண்டது. பார்ப்பவர் எந்தப் பக்கம் நின்றாலும் மறுபக்கமும் சேர்த்துத்தான் தெரியும். எந்த எஸ்யூவி நல்லது என்று கேட்டு வருவோருக்கு இவ்வாய்வாளர் இப்போது சொல்வது: தெரு முனையை அளந்துகொள்ளுங்கள். ஆயுள் வரியைக் கூட்டிப் பாருங்கள். அப்புறம், ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு தட்டப்படுவது தொல்லையா, தட்டப்படாதது தொல்லையா என்று யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் விலை உண்டு. ஷோரூம் ரசீதில் ஒன்றுதான் இருக்கும்.

பின்னிணைப்பாக ஒன்று. அந்த வாரச் சனிக்கிழமை காலை, சங்கன் தம் வண்டியை டீக்கடை முன் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "சங்கரன்கோவில் போறேன், யாராச்சும் வர்றியளா?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் தம் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். வயலில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்த கால்கள். எதிர்வீட்டுப் படியிலிருந்து ஆச்சி நார்ப்பெட்டியோடு எழுந்தார். கதவைத் திறந்து, படியில் ஒரு காலை வைத்து, நின்றார்.

"செருப்பக் கழத்தணுமாய்யா?"

"வேண்டாம் ஆச்சி. ஏறுங்க."

உள்ளே பாலித்தீன் இல்லை.